சி படிக்கத் தொடங்குபவர்களுக்குச் சின்னப் புரோகிராம்கள்: எதை எழுதிப் பழகுவது?

செமிகோலன்_தேடி:

எல்லோருக்கும் வணக்கம். சி மொழி படிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகிறது. இஃப், ஃபார், வைல், ஃபங்ஷன், அரே எல்லாம் முடித்துவிட்டு இப்போது பாயின்டர் அத்தியாயத்துக்கு வந்திருக்கிறேன். எல்லாரும் எழுதச் சொல்கிற அந்த வழக்கமான புரோகிராம்கள், அதாவது ஒற்றைப்படை இரட்டைப்படை, ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது), பகா எண், பாலிண்ட்ரோம், ஆம்ஸ்ட்ராங் எண், ஃபிபொனாச்சி, நட்சத்திர முக்கோணம், இவற்றை எல்லாம் அடித்து ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. மூடி வைத்துவிட்டு நானே எழுத உட்கார்ந்தால் மெயின் ஃபங்ஷனைத் தாண்டி ஒன்றும் வர மாட்டேன் என்கிறது. "ஆரம்பநிலைக்கு நூறு சி புரோகிராம்கள்" மாதிரியான பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன, அதையெல்லாம் வரிசையாக அடித்துக்கொண்டே போனால் போதுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

கூடவே இரண்டு சின்னச் சந்தேகங்கள். ஒன்று, மூன்று பாடங்களின் மதிப்பெண்ணை வாங்கிச் சராசரி காட்டும் புரோகிராம். 78, 79, 79 கொடுத்தால் 78.67 மாதிரி வர வேண்டும், எனக்கு 78.000000 என்று வருகிறது. மதிப்பெண்கள் இன்ட் (முழு எண்), ஆனால் சராசரியை ஃப்ளோட் (புள்ளி எண்) என்றுதான் அறிவித்திருக்கிறேன், பிரிண்ட்எஃபிலும் %எஃப்தான். இரண்டாவது, அதே புரோகிராமின் கடைசியில் "மறுபடியும் வேண்டுமா?" என்று கேட்டு ஒரே ஒரு எழுத்தை %சி போட்டு ஸ்கேன்எஃபில் வாங்குகிறேன். அது எனக்காக நிற்பதே இல்லை, கேள்வியை அச்சடித்த கையோடு புரோகிராம் முடிந்துவிடுகிறது. என்ன காரணம்?


மீதிக்கணக்கு:

முதலில் சந்தேகங்கள், பட்டியல் சமாச்சாரம் அப்புறம்.

சராசரி: சி-யில் சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது முதலில் தனியாகக் கணக்கிடப்படும், இடப்பக்கம் ஃப்ளோட்டா இன்ட்டா என்று அந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் கூட்டுத்தொகை 236, அது இன்ட். வகுக்கும் 3-உம் இன்ட். இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் விடையும் இன்ட், புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டப்பட்டு 78 ஆகிறது. அந்த 78-தான் கடைசியில் ஃப்ளோட்டுக்குள் போய் 78.000000 என்று நிற்கிறது. 3-ஐ 3.0 என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

இதே விஷயம் ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் புரோகிராமில் இன்னும் மோசமாகக் கடிக்கும். 5/9 என்று அடைப்புக்குள் தனியாகப் போட்டால் அது 0, எந்த வெப்பநிலை கொடுத்தாலும் விடை 0-தான். 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, அதன் பிறகு 9-ஆல் வகுத்தால் ஓரளவு தப்பிக்கலாம், 98-க்கு 36 வரும். புள்ளியோடு 36.67 வேண்டுமானால் 5.0 போட்டே ஆக வேண்டும். மூன்றையும் எழுதி ஓட்டிப் பாருங்கள், இன்ட் வகுத்தல் இனி மறக்காது.

ஸ்கேன்எஃப்: நீங்கள் 79 என்று அடித்து என்டர் தட்டுகிறீர்கள். %டி அந்த 7-ஐயும் 9-ஐயும் எடுத்துக்கொள்கிறது, என்டரைத் தொடுவதில்லை, அது இன்புட் பஃபரிலேயே கிடக்கிறது. அடுத்து வருகிற %சி-க்கு இடைவெளி, என்டர் எல்லாமே ஒரு எழுத்துதான், அதனால் மிச்சமிருந்த என்டரை எடுத்துக்கொண்டு "வேலை முடிந்தது" என்று போய்விடுகிறது. %டி, %எஃப், %எஸ் மூன்றும் முன்னால் இருக்கும் வெற்றிடத்தைத் தாண்டிப் போகும், %சி தாண்டாது. மேற்கோள் குறிக்குள் %சி-க்கு முன்னால் ஒரு இடைவெளி விடுங்கள், அவ்வளவுதான். பஃபரில் கிடப்பதைக் காலி செய்ய எஃப்ஃப்ளஷ்-ஐ எஸ்டிடிஇன் (அதாவது இன்புட்) மேல் போடச் சொல்லிச் சிலர் வருவார்கள். அதற்கு என்ன ஆக வேண்டும் என்று சி தரநிலை எதுவும் சொல்லவில்லை, சில கம்பைலர்களில் வேலை செய்யும், வேறு இடத்தில் செய்யாது.

இன்னொன்று. உங்கள் புரோகிராமில் மதிப்பெண் கேட்கும் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஏதாவது எழுத்தை அடித்துப் பாருங்கள். லூப்புக்குள் இருந்தால் திரை நிற்காமல் ஓடும். %டி-க்கு எழுத்து வேண்டாம், அதனால் அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடும், அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் வாசலில் நிற்கும். ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக வாங்கியது என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது, அதை யாரும் பார்ப்பதே இல்லை. பாருங்கள்.


பழைய_கம்பைலர்:

நூறு புரோகிராம் பட்டியலைத் தூக்கி வையுங்கள். அதில் எண்பதுக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு எண்ணை வாங்கு, லூப் போடு, மீதி பார், அச்சடி. ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிற மூன்றையே எடுத்து, அவை எங்கே உடைகின்றன என்று தேடுங்கள் என்பேன். "சரியான அவுட்புட் வந்துவிட்டது" என்ற இடத்தில்தான் பாடமே ஆரம்பிக்கிறது, எல்லோரும் அங்கேதான் ஃபைலை மூடிவிட்டு அடுத்த புரோகிராமுக்குப் போகிறார்கள்.

ஒற்றை இரட்டையில் தொடங்குங்கள். 2-ஆல் வகுத்த மீதி 1-க்குச் சமமா என்று பார்த்து, ஆமாம் என்றால் ஒற்றைப்படை என்று எழுதியிருப்பீர்கள். -7 கொடுங்கள். இரட்டைப்படை என்று சொல்லும். சி99 தரநிலையிலிருந்து வகுத்தல் பூஜ்யத்தை நோக்கித்தான் வெட்டப்பட வேண்டும் என்று விதி, அதனால் -7-ஐ 2-ஆல் வகுத்த மீதி -1, அது 1-க்குச் சமமில்லை. 1-ஆ என்று கேட்பதை விட்டுவிட்டு, பூஜ்யம் இல்லையா என்று கேளுங்கள், அதாவது != 0. ஐந்து வரிப் புரோகிராமிலேயே இவ்வளவு இருக்கிறது.

அடுத்து ஃபேக்டோரியல். 5 கொடுத்து 120 வந்ததும் விட்டிருப்பீர்கள். 12 கொடுங்கள், 479001600, சரி. 13 கொடுங்கள். விடை 6227020800 வர வேண்டும், ஆனால் இன்று பெரும்பாலான கணினிகளில் இன்ட் 32 பிட், அதில் அடங்கும் அதிகபட்சம் 2147483647. உங்களுக்கு அநேகமாக 1932053504 வரும். இதில் ஆபத்து என்னவென்றால் அந்த எண் பார்ப்பதற்கு நல்ல விடை மாதிரியே இருக்கிறது, எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. "அநேகமாக" என்று சொல்வதற்குக் காரணம், குறியோடு கூடிய இன்ட் நிரம்பி வழிந்தால் இன்னதுதான் நடக்கும் என்று சி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சரி, இன்ட்டைவிடப் பெரிய லாங் லாங் போடுகிறேன் என்பீர்கள். போடுங்கள், 20 வரை தாங்கும், 2432902008176640000. 21-இல் மறுபடியும் அதே கதை.

இங்கேதான் நல்ல பயிற்சி. 100-இன் ஃபேக்டோரியலில் 158 இலக்கங்கள், எந்த டைப்பிலும் முழுசாக அடங்காது. ஆனால் உங்களுக்கு அரே தெரியும், பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் பெருக்கத் தெரியும், இது இரண்டும் போதும். ஒவ்வொரு இலக்கத்தையும் அரேயின் ஒரு கட்டத்தில் வையுங்கள், ஒன்றாம் இலக்கம் முதல் கட்டத்தில் வருகிற மாதிரி. 120 என்பது அரேயில் 0, 2, 1. இதை 6-ஆல் பெருக்க வேண்டும். 0 தடவை 6, 0, அப்படியே வை. 2 தடவை 6, 12, 2-ஐ வைத்து 1-ஐக் கையில் வை. 1 தடவை 6, 6, கையில் இருந்த 1-உம் சேர்ந்து 7. அரே இப்போது 0, 2, 7, அதாவது 720. எல்லாக் கட்டமும் முடிந்த பிறகும் கையில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதைப் புதுக் கட்டங்களில் இலக்கம் இலக்கமாகப் போட வேண்டும், அது ஒற்றை இலக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், 87-ஆல் பெருக்கும்போது கையில் இரண்டு இலக்கம் நிற்கலாம். இதை யாருடையதையும் பார்க்காமல் எழுதிவிட்டால் "மெயினைத் தாண்டி வரவில்லை" என்ற பேச்சே இருக்காது.

பகா எண்ணுக்கும் ஒரு வார்த்தை. 1 கொடுத்தால் உங்கள் புரோகிராம் என்ன சொல்கிறது? பெரும்பாலும் "பகா எண்" என்று சொல்லும், லூப்புக்குள்ளேயே போகாமல் வெளியே வந்துவிடுவதால். அப்புறம் 2147483647 கொடுங்கள். அது பகா எண்தான், ஆய்லர் 1772-இலேயே நிரூபித்துவிட்டார். எண்ணில் பாதி வரை சோதிக்கிற லூப் இதற்கு 107 கோடித் தடவைக்கு மேல் சுற்றும். வர்க்கமூலம் வரை போனால் போதும் என்று தெரிந்தவர்கள், வகுத்துப் பார்க்கும் எண்ணை ஐ என்று வைத்து, ஐ-ஐ ஐ-ஆல் பெருக்கியது எண்ணைத் தாண்டவில்லையே என்று பார்ப்பார்கள், அது 46340 வரை ஒழுங்காக ஓடும். அடுத்தது 46341, அதன் வர்க்கம் 2147488281, அது இன்ட்டில் அடங்காது! எண்ணைவிடப் பெரிது என்று தெரிந்து லூப் நிற்க வேண்டிய அதே இடத்தில் பெருக்கலே வழிந்துவிடுகிறது. பெருக்காமல், எண்ணை ஐ-ஆல் வகுத்ததைவிட ஐ பெரிதா என்று கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. பட்டியல்களில் கிடைக்கிற பகா எண் புரோகிராம்களில் எத்தனை இதைத் தாங்கும் என்று பாருங்கள், பொழுது போகும்.


எழுத்தெண்ணி:

மேலே சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் எண்ணைத் தவிர உலகத்தில் ஒன்றுமே இல்லையா? ஆம்ஸ்ட்ராங் எண் என்பது புரோகிராமிங் பரீட்சைக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு இலக்கத்தின் கனத்தையும் கூட்டினால் அதே எண் வர வேண்டும், மூன்று இலக்கத்தில் 153, 370, 371, 407, முடிந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆரம்பத்தில் இருப்பவர்கள் எழுத்துகளோடு வேலை செய்யும் புரோகிராம்கள் எழுத வேண்டும், சி-யின் குணம் அங்கேதான் தெரியும்.

கெட்கேர் மட்டும் போதும். இன்புட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாங்கி, இஓஎஃப் வரும் வரை எண்ணிக்கொண்டே போங்கள். முதலில் எழுத்துகள். பிறகு வரிகள், அதாவது எத்தனை தடவை என்டர் வந்தது. பிறகு சொற்கள். சொற்களில்தான் சிக்கல். இடைவெளிகளை எண்ணிச் சொல் எண்ணிக்கை என்று எழுதுவார்கள், நடுவில் இரண்டு இடைவெளி விட்டாலோ வரி இடைவெளியோடு தொடங்கினாலோ கணக்கு கெட்டுவிடும். "இப்போது ஒரு சொல்லுக்குள் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா" என்று ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும்போது வெற்றிடம் அல்லாத எழுத்து வந்தால் எண்ணிக்கையை ஒன்று கூட்டி உள்ளே போங்கள், வெற்றிடம் வந்தால் வெளியே வாருங்கள். லினக்ஸில் டபிள்யூசி என்று ஒரு கட்டளை இதே மூன்றையும் எண்ணிக் காட்டும், ஒரே ஃபைலை இரண்டுக்கும் கொடுத்து விடை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். விடையை வேறொருவர் சொல்லக் காத்திருக்க வேண்டாம், அதுதான் இந்தப் புரோகிராமில் எனக்குப் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை, கெட்கேர் தருவதை கேர் வேரியபிளில் வாங்காதீர்கள், இன்ட்டில் வாங்குங்கள். அது தரக்கூடியது 256 வகை பைட், அதற்கு மேல் "இனி ஒன்றும் இல்லை" என்று சொல்ல இஓஎஃப் என்கிற ஒன்று, ஆக 257. கேரில் 256-தான் அடங்கும். சில கணினிகளில் கேருக்குக் குறி உண்டு, அங்கே 255 என்ற பைட் வந்தால் ஃபைல் முடிந்துவிட்டது என்று நினைத்து நடுவிலேயே நின்றுவிடும். சிலவற்றில் குறி கிடையாது, அங்கே லூப் முடியவே முடியாது.

எண்ணி முடித்துவிட்டீர்களா, இப்போது தமிழில் ஏதாவது கொடுங்கள். "தமிழ்" என்று மட்டும் ஒரு ஸ்ட்ரிங் வைத்து, நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென்னைக் கேட்டால், யூடிஎஃப்-8 ஃபைலாக இருந்தால் 15 என்று சொல்லும். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. உள்ளே இருப்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அந்த ஐந்தை எண்ண ஒரு வழி இருக்கிறது: யூடிஎஃப்-8-இல் ஒரு குறியின் முதல் பைட்டைத் தவிர மற்றவை எல்லாம் பிட் அளவில் 10 என்று தொடங்கும், அதனால் பைட்டை 192-உடன் ஒற்றை & போட்டுப் பார்த்து 128 வந்தால் அது தொடர்ச்சி, எண்ணாதீர்கள். மற்றதை எண்ணினால் 5 வரும். பிட் ஆபரேட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மூன்று என்று வர வைப்பது இன்னும் ஒரு படி மேலே, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அடையாளம் கண்டு விட வேண்டும், அதை நீங்களே யோசியுங்கள்.


நட்சத்திரப்_பிரியன்:

நட்சத்திர முக்கோணத்தை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், நான் அதன் கட்சி. ஆனால் "மேல் பாதிக்கு ஒரு லூப், கீழ் பாதிக்கு ஒரு லூப், இடைவெளிக்கு ஒரு லூப்" என்று எழுதுகிற வழியில் இல்லை. வரிசைக்கு ஒரு லூப், நிரலுக்கு ஒரு லூப், உள்ளே ஒரே ஒரு இஃப்: இந்த வரிசையில் இந்த நிரலில் நட்சத்திரம் உண்டா இல்லையா? அந்த நிபந்தனையை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். வரிசையும் நிரலும் சமம் என்றால் மூலைவிட்டம். நிரல், வரிசைக்குச் சமமோ சிறியதோ என்றால் முக்கோணம். நடுப்புள்ளியிலிருந்து இரண்டின் தூரத்தையும் கூட்டியது ஒரு அளவுக்குள் இருந்தால் வைரம். தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வட்டம், திரையில் எழுத்துகள் அகலத்தைவிட உயரம் என்பதால் கொஞ்சம் நீண்டு தெரியும். லூப்பைத் தொடாமல் இத்தனையும் வரும்.

எதை விட வேண்டும் என்றால், ஒரே வரியில் ஐ++ உம் ++ஐ உம் கூட்டி விடை கேட்கிற கேள்விகளை விடுங்கள். அவற்றுக்குச் சரியான விடை என்று ஒன்று சி-யில் இல்லவே இல்லை, கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். பரீட்சையில் கேட்டால் கேட்டவர் எதிர்பார்க்கிறதை எழுதிவிட்டு வந்துவிடுங்கள்.


செமிகோலன்_தேடி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 3.0 போட்டதும் சராசரி சரியாகிவிட்டது, %சி-க்கு முன்னால் இடைவெளியும் வேலை செய்கிறது. 13-க்கு அப்படியே 1932053504 வந்தது, கொஞ்சம் பயமாகவே இருந்தது, இத்தனை நாள் எதை எல்லாம் நம்பினேனோ.

100-இன் ஃபேக்டோரியலை எழுத ஆரம்பித்திருக்கிறேன். பெருக்கலைத் தனி ஃபங்ஷனாகப் போடலாம் என்று பார்த்தால் அங்கே ஒரு குழப்பம். ஃபங்ஷனுக்குள் அரேயை மாற்றினால் மெயினிலும் மாறுகிறது, ஆனால் எத்தனை இலக்கம் என்கிற எண்ணிக்கையை உள்ளே கூட்டினால் மெயினில் பழையபடியே இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரிதானே அனுப்புகிறேன்? அப்புறம் எங்கள் வகுப்பில் டர்போ சி-தான், வாய்ட் மெயின், கிளியர்ஸ்கிரீன், கெட்ச் எல்லாம் போட்டே பழகியிருக்கிறோம். வீட்டில் ஜிசிசி கம்பைலர். எதில் பழகுவது?


சுட்டுவிரல்:

பாயின்டர் அத்தியாயத்துக்குள் நீங்களே போய்விட்டீர்கள், வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சி-யில் ஃபங்ஷனுக்கு எதை அனுப்பினாலும் நகல்தான் போகும். எண்ணிக்கையை அனுப்பினால் அதன் நகல் போகிறது, உள்ளே அந்த நகலைக் கூட்டுகிறீர்கள், ஃபங்ஷன் முடிந்ததும் நகலும் போய்விடும், மெயினில் இருப்பது அசையாது. அரேக்கும் அதே விதிதான், ஆனால் அரேயின் பெயரை அனுப்பும்போது அது முதல் கட்டத்தின் முகவரியாக மாறிவிடுகிறது. நகலெடுக்கப்படுவது முகவரி. வீட்டு முகவரியை வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போய்ச் சேருவது அதே வீடுதானே, அதனால் உள்ளே செய்யும் மாற்றம் வெளியே தெரிகிறது. எண்ணிக்கையும் மாற வேண்டுமானால் அதன் முன்னால் & போட்டு முகவரியை அனுப்புங்கள், ஃபங்ஷனில் இன்ட் பாயின்டராக வாங்கி, முன்னால் * போட்டு மாற்றுங்கள். அல்லது, எனக்கு இதுதான் பிடிக்கும், ஃபங்ஷன் புது எண்ணிக்கையை ரிட்டர்ன் செய்யட்டும், மெயினில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யோசித்துப் பார்த்தால் முதல் நாளிலிருந்தே நீங்கள் இதைச் செய்கிறீர்கள். ஸ்கேன்எஃபில் & ஏன் போடுகிறோம்? அது உங்கள் வேரியபிளை மாற்ற வேண்டும், முகவரி இல்லாமல் எப்படி மாற்றும்? & மறந்தால் வேரியபிளில் அப்போது கிடக்கும் குப்பை எண்ணையே முகவரி என்று நம்பி அங்கே போய் எழுதும், செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் அதிர்ஷ்டம், வராமல் வேறு எதையாவது அழித்துவிட்டு ஓடினால்தான் தலைவலி.

இதோடு சேர்த்து ஒன்று செய்து பாருங்கள். அரே அறிவித்த இடத்தில் அதன் சைஸ்ஆஃப், அதாவது எத்தனை பைட் என்பதை, அச்சடியுங்கள், பிறகு அதே அரேயை வாங்கிய ஃபங்ஷனுக்குள்ளும் அச்சடியுங்கள். 200 கட்டமுள்ள இன்ட் அரே வெளியே 800 என்று சொல்லும், உள்ளே 64 பிட் கணினியில் 8. உள்ளே இருப்பது வெறும் பாயின்டர். அரேயின் நீளத்தைத் தனியாக அனுப்பச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

டர்போ சி பற்றி: போர்லாண்ட் அதை வெளியிட்டது 1987-இல். அதில் இன்ட் 16 பிட், 32767 வரைதான். அங்கே உங்கள் ஃபேக்டோரியல் 13 வரை கூடப் போகாது, 8-க்கே -25216 என்று காட்டும், ஓட்டிப் பாருங்கள். கிளியர்ஸ்கிரீன், கெட்ச் இரண்டும் அந்த கோனியோ ஹெடரைச் சேர்ந்தவை, சி தரநிலையில் இல்லை, அதனால் ஜிசிசியில் ஹெடரே கிடைக்கவில்லை என்று எரர் வரலாம். இரண்டையும் எடுத்துவிடுங்கள், புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது. வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்குங்கள். கெட்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் விடுங்கள், எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாமலே எழுதிக்கொண்டு போகும், 2011 தரநிலையில் அதை மொழியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். எஃப்கெட்ஸ் போடுங்கள், அது கடைசியில் என்டரையும் சேர்த்து வாங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வகுப்பில் அவர்கள் கேட்கிறபடி எழுதுங்கள், சண்டை வேண்டாம். வீட்டில் ஜிசிசி.

அப்புறம் ஜிசிசியை வெறுமனே ஓட்டாதீர்கள். மைனஸ் டபிள்யூ-ஆல், மைனஸ் டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டையும் சேர்த்தே கம்பைல் செய்யுங்கள். இஃபுக்குள் == போட வேண்டிய இடத்தில் = போட்டது, %டி-க்கு ஃப்ளோட் கொடுத்தது, ஸ்கேன்எஃபில் & விட்டது, இதெல்லாம் ஓட்டுவதற்கு முன்பே வார்னிங்காக வந்துவிடும். அட்ரஸ் சானிடைசரையும் போட்டால் அரேயின் எல்லையைத் தாண்டி எழுதிய இடத்தில் நின்று, கூடவே மைனஸ் ஜி கொடுத்திருந்தால் வரி எண்ணையும் காட்டும். 158 இலக்கத்துக்கு 150 கட்டம் ஒதுக்கிப் பாருங்கள், என்ன சொல்கிறது என்று தெரியும்.


மீதிக்கணக்கு:

எல்லோரும் சொன்னதோடு ஒரு விளையாட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினி 1 முதல் 100-க்குள் ஒரு எண்ணை நினைக்கும், நீங்கள் ஊகிக்க வேண்டும், அது "பெரிது", "சிறிது" என்று சொல்லும். ராண்ட் மட்டும் போட்டால் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதே எண்தான் வரும், ஏனென்றால் விதை கொடுக்காவிட்டால் 1 கொடுத்த மாதிரியே நடக்க வேண்டும் என்பது விதி. எஸ்ராண்டுக்கு நேரத்தை விதையாகக் கொடுங்கள், மெயினின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, லூப்புக்குள் வைக்காதீர்கள். இது எல்லோரும் எழுதுவது. இதைத் திருப்பிப் போடுங்கள்: நீங்கள் எண்ணை நினையுங்கள், கணினி ஊகிக்கட்டும். நடுவில் இருப்பதைக் கேட்டு, பாதியைத் தள்ளி, மறுபடி நடுவைக் கேட்டால் 7 கேள்விக்குள் கண்டுபிடித்தே தீரும். அப்புறம் நீங்கள் வேண்டுமென்றே பொய் சொல்லுங்கள், அதைக் கண்டுபிடித்து "ஏமாற்றுகிறீர்கள்" என்று சொல்ல வையுங்கள். அந்தக் கடைசி நிபந்தனையை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்தான் சுவாரசியமே.


செமிகோலன்_தேடி:

ஊகிக்கிற விளையாட்டை அடுத்து எடுக்கிறேன். ஃபேக்டோரியல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, ஆனால் 100 கொடுத்தால் அவுட்புட் வரிசையாகப் பூஜ்யங்களோடு தொடங்குகிறது, எண்ணிப் பார்த்தேன், 24 பூஜ்யம். அதற்குப் பிறகுதான் மற்ற இலக்கங்கள். மொத்தம் 158 இலக்கம் சரியாக இருக்கிறது. அரேயைத் தொடக்கத்தில் 0 ஆக்கியதால் மிச்சமா இவை?


பழைய_கம்பைலர்:

மிச்சம் இல்லை, அந்த 24-உம் உங்கள் விடையின் பகுதிதான், இடம்தான் மாறியிருக்கிறது. ஒன்றாம் இலக்கத்தை முதல் கட்டத்தில் வைத்தீர்கள், அச்சடிக்கும்போதும் முதல் கட்டத்திலிருந்தே போகிறீர்கள், அதனால் எண் தலைகீழாக வருகிறது. கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள், பூஜ்யங்கள் வால் பக்கம் போய்விடும். 1 முதல் 100 வரை 5-இன் மடங்குகள் 20, அதில் 25, 50, 75, 100 நான்கும் ஆளுக்கு இன்னொரு 5-ஐக் கொண்டு வருகின்றன, ஆக 24. ஒவ்வொரு 5-உம் ஒரு 2-உடன் சேர்ந்து ஒரு பூஜ்யத்தைக் கடைசியில் வைக்கிறது, 2-க்குப் பஞ்சமில்லை. உங்கள் பெருக்கல் சரியாக இருக்கிறது என்பதற்கு இதுவே நல்ல அறிகுறி.

பின்னோக்கி லூப் எழுதும்போது கவுண்டரை இன்ட்டாகவே வையுங்கள். அன்சைன்ட் போட்டு, பூஜ்யத்துக்குச் சமமோ பெரியதோ என்று நிபந்தனை வைத்தால், பூஜ்யத்துக்குக் கீழே அதற்கு எண்ணே கிடையாது, சுற்றிக்கொண்டு மிகப் பெரிய எண்ணுக்குப் போய் அரேக்கு வெளியே அச்சடிக்க ஆரம்பித்துவிடும்.